பதினொரு பெண்களும் மூன்று பவுன் வரியும்

“1913இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த சத்தியாக்கிரகத்தைக் காந்தியின் வாழ்க்கையில் ஓர் அத்தியாயமாகத்தான் படித்திருக்கிறோம். தமிழர் பங்கு என்றால் தில்லையாடி வள்ளியம்மையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உண்மையில் அந்தப் போராட்டத்தை நடத்தியவர்கள் யார்? அது வென்றதா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் வெகுகாலம் இதே கேள்வி இருந்தது. எழும்பூர் பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்கு வள்ளியம்மையின் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண் எதற்காகச் சிறைக்குப் போனாள் என்பதைத் தேடிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அவளைச் சுற்றி நின்ற ஆயிரக்கணக்கானவர்கள் கண்ணில் பட்டார்கள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போராட்டத்தைத் திட்டமிட்டவர் காந்தி. நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தத்தைத் தொடங்கிவைத்தவர்கள் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த பதினொரு பெண்கள். அவர்களில் பத்துப் பேர் தமிழர். அதை நாட்டின் கிழக்கிலுள்ள நேட்டால் மாகாணத்தின் கடற்கரை முழுக்கக் கொண்டுபோனவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகள். அவர்கள் வேலையை விட்டு வெளியேறியபோது காந்தி சிறையில் இருந்தார். அவர்களும் இறங்குவார்கள் என்பது அவருடைய திட்டத்திலேயே இல்லை.

இது புரிய வேண்டுமானால் வரிக்கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘டிரூரோ’ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகக் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும். மற்றவர்கள் கல்கத்தா வழியாகப் போன பீகார், ஐக்கிய மாகாணத்து மக்கள். ஒப்பந்தம் ஐந்து வருடம். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங் கூலி, பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடி ஐந்தாம் வருடம் 14 ஷில்லிங். ரேஷனும் தங்க இடமும் முதலாளி கொடுப்பார். சீட்டில்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் குற்றம். வேலைக்கு வராமல் இருந்தாலும் குற்றம்தான், அதற்குச் சிறை உண்டு. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊர் திரும்பாமல் காய்கறி பயிரிட்டும் சில்லறை வியாபாரம் செய்தும் அங்கேயே தங்கினார்கள். அது வெள்ளைக் குடியேறிகளுக்குப் பிடிக்கவில்லை. 1895இல் சட்டம் கொண்டுவந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர் வருடத்துக்கு 3 பவுன் கட்ட வேண்டும். முதலில் அவர்கள் கேட்டது 25 பவுன். இந்திய அரசு பேரம் பேசி மூன்றுக்குச் சம்மதித்தது. பெரிய கருணை என்று அப்போது நினைத்திருப்பார்கள் போலும்.

3 பவுன் என்றால் 60 ஷில்லிங். புதிதாக வந்த கூலிக்கு அது ஆறு மாதச் சம்பளம். 1903இல் இந்த வரியைப் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள்: 16 வயது தாண்டிய பையனுக்கும் 13 வயது தாண்டிய பெண்ணுக்கும் தனித்தனியாக மூன்று பவுன். கணவன், மனைவி, வயதுக்கு வந்த ஒரு மகன், ஒரு மகள் என்றிருந்தால் குடும்பத்துக்கு வருடம் 12 பவுன். கட்ட முடியாதவர் சிறைக்குப் போகலாம், கப்பலேறி ஊர் போகலாம், இல்லாவிட்டால் இன்னொரு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கலாம். ஒப்பந்தத்தில் இருக்கும்வரை வரி கிடையாது.

அந்தக் கடைசி வழியில்தான் சூட்சுமம் இருக்கிறது. கஜானாவை நிரப்புவது அந்த வரியின் நோக்கம் அல்ல. ஆளை மறுபடி தோட்டத்துக்குள் தள்ளுவதுதான். 1911இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது நின்றுபோன பிறகு, புதுக் கப்பல் இனி வராது என்ற நிலையில், சுரங்க முதலாளிகளுக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் இந்த வரி இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டது.

ஆனால் காந்தி 1906இல், நேட்டாலை அடுத்து ஜோகன்னஸ்பர்க் இருக்கும் டிரான்ஸ்வாலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் இந்த வரியைத் தொடவில்லை. அது விரல்ரேகை வைத்துப் பதிவுசெய்யும் சட்டத்தை எதிர்த்தது. வியாபாரிகள், தெருவில் கூவி விற்பவர்கள், எழுத்தர்கள் இவர்களுடைய மானப் பிரச்சினை அது. 1908 ஆகஸ்ட்டில் ஜோகன்னஸ்பர்க் மசூதி முற்றத்தில் பதிவுச் சீட்டுகளைக் கொப்பரையில் போட்டுக் கொளுத்தினார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் சொத்தும் கடையும் வைத்திருந்த பலர் பின்வாங்க, திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் கூடை தூக்கி விற்ற தமிழர்கள். நாகப்பன் என்ற இளைஞன் 1909 குளிர்காலத்தில் சிறை முகாமிலிருந்து நிமோனியாவோடு வெளியே வந்து, ஒரு வாரத்துக்குள் இறந்துபோனான். 1910இல் நாடுகடத்தப்பட்ட நாராயணசாமி, எந்தத் துறைமுகத்திலும் இறங்க விடாமல் கப்பலிலேயே அலைக்கழிக்கப்பட்டு இன்றைய மொசாம்பிக்கிலுள்ள டெலகோவா விரிகுடாவில் உயிரை விட்டார். மொரீஷியஸில் பிறந்து ஜோகன்னஸ்பர்க்கில் வண்டி ஓட்டும் தொழில் நடத்திய தம்பி நாயுடு எத்தனை முறை சிறைக்குப் போனார் என்பதை எண்ணுவதற்கே தனிப் பட்டியல் வேண்டும்.

1912 கடைசியில் இந்தியாவிலிருந்து காங்கிரஸ் தலைவர் கோபால கிருஷ்ண கோகலே வந்தார். பிரதமர் போத்தாவையும் அமைச்சர் ஸ்மட்ஸையும் சந்தித்துவிட்டு, மூன்று பவுன் வரி ஒரு வருடத்தில் போய்விடும் என்ற நம்பிக்கையோடு திரும்பினார். அடுத்த வருடம் ஸ்மட்ஸ் அப்படியொரு வாக்குறுதியே கொடுக்கவில்லை என்றார். அதே சமயம், 1913 மார்ச்சில் கேப் மாகாண நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பு எழுதினார். பலதார மணத்தை அனுமதிக்கும் மதங்களின் முறைப்படி நடந்த திருமணங்கள் அந்த நாட்டில் செல்லாது என்று ஆயிற்று. இந்து, முஸ்லிம், பார்சி மனைவிகள் எல்லோரும் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை.

வரி கூலிகளைப் பிடித்தது, தீர்ப்பு பெண்களைப் பிடித்தது. இரண்டையும் ஒரே போராட்டத்தில் சேர்த்தார் காந்தி. என் பார்வையில் அவருடைய மிகப் பெரிய முடிவு இதுதான். ஏழு வருடமாகச் சில நூறு பேரின் போராட்டமாக மெலிந்துகொண்டே வந்ததை ஆயிரக்கணக்கானவர்களின் போராட்டமாக மாற்றியது இந்தச் சேர்க்கை.

செப்டம்பர் 15 அன்று, டர்பனுக்குப் பக்கத்தில் காந்தி அமைத்திருந்த ஃபீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து 16 பேர் கிளம்பினார்கள், கஸ்தூர்பாவும் அவர்களில் ஒருவர். நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வாலுக்கு அனுமதியில்லாமல் எல்லை தாண்டினார்கள். கைதாகி மூன்று மாதக் கடுங்காவல் பெற்றார்கள். எதிர்த் திசையில் ஜோகன்னஸ்பர்க் பெண்கள் பதினொரு பேர் புறப்பட்டார்கள். ஆறு பேர் கையில் பால்குடிக் குழந்தை. முதலில் வெரீனிகிங் போய் உரிமம் இல்லாமல் கூவி விற்றுப் பார்த்தார்கள், போலீஸ் கண்டுகொள்ளவில்லை. பிறகு நேட்டாலுக்குள் நுழைந்தார்கள், அங்கும் யாரும் தடுக்கவில்லை. கைது செய்யாவிட்டால் என்ன செய்வது என்பது முன்பே பேசி வைத்ததுதான்: நேட்டாலின் வடக்கிலுள்ள நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்க் கூலிகளை வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் நடுவில் அவர்கள் தம்பி நாயுடுவோடு நியூகாசில் சேர்ந்தார்கள். சுரங்கத்துக் குடியிருப்புகளுக்குள் போய்ப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று வார்த்தைக்கு வார்த்தை பதிவு இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். சர்தார் என்ற மேஸ்திரிகளின் சவுக்குக்குப் பழகிப்போன ஆட்களின் வாசலில், நகரத்திலிருந்து வந்த பெண்கள் இடுப்பில் குழந்தையோடு நின்று, உங்கள் வரிக்காக நாங்கள் சிறைக்குப் போகத் தயார் என்று அவர்களுடைய மொழியிலேயே சொல்கிறார்கள். மேடைப் பேச்சு எதுவும் செய்ய முடியாததை அது செய்தது. ஓரிரு நாளில் ஃபேர்லி சுரங்கத்தில் வேலை நின்றது. அடுத்தடுத்த சுரங்கங்களுக்குப் பரவியது. அதற்கு மேல் அரசாங்கத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அக்டோபர் 21 அன்று பெண்களைப் பிடித்து மூன்று மாதம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறைக்கு அனுப்பியது.

ஃபீனிக்ஸிலிருந்த காந்தியே இந்த வேகத்தைப் பார்த்து அவசரமாக நியூகாசிலுக்கு ஓடி வந்தார். சுரங்க முதலாளிகள் குடியிருப்புகளில் விளக்கையும் தண்ணீரையும் நிறுத்தத் தொடங்கியிருந்தார்கள். தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே வீசினார்கள். வீடு முதலாளியுடையது என்பதால் அங்கே உட்கார்ந்துகொண்டு வேலைநிறுத்தம் செய்ய முடியாது. உடுத்த துணியும் போர்வையும் மட்டும் எடுத்துக்கொண்டு யாத்திரை போகிறவர்கள் மாதிரி வெளியே வந்துவிடுங்கள் என்றார் காந்தி. வந்தார்கள். நூற்றுக்கணக்கில் வந்தார்கள், பிறகு ஆயிரக்கணக்கில்.

இவர்களை எங்கே வைப்பது, எப்படிச் சோறு போடுவது? நியூகாசிலில் லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவர் இரண்டு மூன்று அறை கொண்ட தம் வீட்டைத் திறந்துவிட்டார். ஜோகன்னஸ்பர்க் பெண்களும் அங்கேதான் தங்கியிருந்தார்கள். ஊர் வியாபாரிகள் அரிசி, பருப்பு, பாத்திரம் கொடுத்தார்கள். கோகலே இந்தியாவிலிருந்து பணம் திரட்டி அனுப்பினார். போராட்டங்களின் கதையைச் சொல்லும்போது இந்த அடுப்படிக் கணக்கை நாம் சாதாரணமாக விட்டுவிடுகிறோம். ஆனால் கூலிக்காரன் வேலையை விட்டால் அடுத்த வேளைக்கு ரேஷன் கிடையாது. உலை வைக்க ஆள் இல்லாவிட்டால் எந்த வேலைநிறுத்தமும் மூன்றாம் நாள் முடிந்துவிடும்.

அத்தனை பேரையும் நியூகாசிலில் உட்காரவைத்துச் சோறு போட முடியாது என்பதாலும்தான் நடைப்பயணம் பிறந்தது. 36 மைல் நடந்து எல்லையோர ஊரான சார்லஸ்டவுனுக்குப் போனார்கள். வழியில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை. நவம்பர் 6 காலை ஆறரை மணிக்கு 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கிக் கிளம்பினார்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் சத்தியாக்கிரகிகள் தங்கியிருந்த டால்ஸ்டாய் பண்ணைக்குப் போய்ச் சேர்வது இலக்கு. வழியில் பிடித்தால் சிறை, அதுவும் இலக்குதான். இரண்டு தாய்மார்கள் வழியில் குழந்தையைப் பறிகொடுத்தார்கள். ஒன்று குளிரிலும் வெயிலிலும் இறந்தது. இன்னொன்று ஓடையைக் கடக்கும்போது தாயின் கையிலிருந்து நழுவி நீரில் போய்விட்டது. அந்தத் தாய்மார்கள் நடப்பதை நிறுத்தவில்லை.

நான்கு நாளுக்குள் காந்தியை மூன்று முறை கைது செய்தார்கள். முதல் இரண்டு முறையும் ஜாமீனில் வந்து மறுபடி கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். மூன்றாவது முறை விடவில்லை. தலைவரைத் தூக்கிவிட்டால் கூட்டம் கலையும் என்பது அரசின் கணக்கு. கூட்டம் கலையாமல் தொடர்ந்து நடந்தது. 10ஆம் தேதி டிரான்ஸ்வாலின் பால்ஃபர் என்ற ஊரில் மூன்று சிறப்பு ரயில்களைத் தயாராக நிறுத்தி அத்தனை பேரையும் ஏற்றி நேட்டாலுக்கே திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் டண்டீ நீதிமன்றம் காந்திக்கு 60 பவுன் அபராதம் அல்லது ஒன்பது மாதக் கடுங்காவல் விதித்தது. அவர் சிறையைத் தேர்ந்தெடுத்தார்.

இவ்வளவு பேரை அடைக்கச் சிறை எங்கே இருக்கிறது? அரசு கண்டுபிடித்த வழி கொடூரமானது. சுரங்கக் குடியிருப்புகளையே கம்பிவேலி போட்டுச் சிறைகளாக அறிவித்தது. சுரங்கத்து வெள்ளை மேற்பார்வையாளர்களே சிறைக் காவலர்கள். தண்டனையான கடுங்காவல் வேலை, நிலக்கரி வெட்டுவது. எந்த வேலையை மறுத்து வெளியே வந்தார்களோ அதே வேலைக்கு, அதே ஆளின் சவுக்குக்குக் கீழே, சம்பளமில்லாமல் அனுப்பப்பட்டார்கள். இறங்க மறுத்தவர்களை அடித்தார்கள்.

இந்தச் செய்தி பரவியபோதுதான் கடற்கரை எழுந்தது. கரும்புத் தோட்டங்களை இழுக்கும் எண்ணம் காந்திக்கு இருக்கவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்துக்குச் சோறு போடவும் கட்டுப்பாட்டில் வைக்கவும் முடியாது என்ற அச்சம் அவரிடமும் அவருடைய தோழர்களிடமும் இருந்தது. யாரும் அழைக்காமலே வெருலம், மவுண்ட் எட்ஜ்கோம் பக்கத்துத் தோட்டங்களில் வெட்டுக்கத்தியைக் கீழே போட்டார்கள். டர்பனில் துறைமுகக் கூலிகள், ஹோட்டல் சிப்பந்திகள், நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள் எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். கரும்பு ஆலைகள் ஓடும் பருவம் அது, சர்க்கரை முதலாளிகளுக்கு இதைவிட மோசமான நேரம் இல்லை. சில இடங்களில் கரும்பு தீப்பற்றி எரிந்தது. குதிரைப் போலீஸ் வந்தது. மவுண்ட் எட்ஜ்கோமிலும் தெற்கே எஸ்பெரான்சாவிலும் சுட்டார்கள். பச்சையப்பன், செல்வன் என்று சில பெயர்கள் ஆவணங்களில் மிஞ்சியிருக்கின்றன. எழுபது வயதைத் தாண்டிய ஹர்பத்சிங் என்ற வட இந்தியக் கூலி, போராட்டத்துக்காகத் தானாக வந்து சிறைபுகுந்து, 1914 ஜனவரியில் டர்பன் சிறையில் இறந்தார்.

சத்தியாக்கிரகம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்தக் கடற்கரை வேலைநிறுத்தத்தை முழுதாக அளந்துவிட முடியாது என்று நினைக்கிறேன். அங்கே கம்பும் கல்லும் இருந்தன, பயமும் வதந்தியும் இருந்தன. காந்தி எல்லோரையும் காப்பாற்ற வருகிறார் என்ற பேச்சும் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் அவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் அரசைப் பணியவைத்ததில் எல்லை தாண்டிய நடைப்பயணத்துக்கு இருந்த பங்கைவிடக் கடற்கரையின் பங்கு குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

சவுக்கடிச் செய்திகள் தந்தி வழியே இந்தியா வந்தன. நவம்பர் இறுதியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் சென்னையிலேயே பேசியபோது, சட்டத்தை மீறிய இந்தியர்கள்மேல் தமக்கு அனுதாபம் உண்டு என்றும் நடந்த கொடுமைகளை விசாரிக்க வேண்டும் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். பேரரசின் பிரதிநிதி அதே பேரரசின் இன்னொரு அரசைக் குற்றம் சாட்டியது லண்டனையே அதிரவைத்தது. டிசம்பரில் நீதிபதி சாலமன் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். இந்தியர் தரப்பில் ஒருவர்கூட இல்லை என்று காந்தி அதைப் புறக்கணித்தார். சிறையிலிருந்து வந்தவர் மீசையை மழித்து, செருப்பில்லாமல், ஒப்பந்தக் கூலியின் உடையில் டர்பன் கூட்டத்தில் நின்றார். சுடப்பட்டு இறந்தவர்களுக்காகத் துக்கம் காப்பதாகச் சொன்னார்.

ஜனவரியில் வெள்ளைக்கார ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து அரசு திணறியபோது, தாம் திட்டமிட்டிருந்த புது நடைப்பயணத்தைக் காந்தி நிறுத்திவைத்தார். எதிரியின் இக்கட்டைப் பயன்படுத்துவதில்லை என்பது அவர் நிலை. அதைத் தவறு என்போர் உண்டு. ஆனால் ஸ்மட்ஸோடு பேச்சுவார்த்தைக்கு அது வழி திறந்தது.

வென்றதா என்று கேட்டீர்கள். 1914இல் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியை ஒழித்தது. பழைய பாக்கியும் வசூலிக்கப்படவில்லை. இந்திய முறைத் திருமணங்கள் ஏற்கப்பட்டன. எவை கேட்கப்பட்டனவோ அவை கிடைத்தன, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒப்பந்த முறையின் சவுக்கும் சீட்டும் இருந்தபடியே இருந்தன. மாகாணம் விட்டு மாகாணம் போகும் தடை, வியாபார உரிமத் தொல்லை, நிலம் வாங்கத் தடை எல்லாம் பல தலைமுறைக்கு நீடித்தன. ஜூலை 18 அன்று காந்தி கப்பலேறினார். கரும்பு வெட்டியவர்கள் அதே தோட்டங்களுக்குத் திரும்பினார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அதே 1913 ஜூனில்தான் கறுப்பின மக்களின் நில உரிமையை நாட்டு நிலத்தில் ஏழு சதவீதம் அளவுக்குள் சுருக்கிய நிலச் சட்டம் வந்தது. அதே வருடம் ப்ளூம்ஃபான்டெய்னில் கறுப்பினப் பெண்கள், எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் என்ற அனுமதிச் சீட்டை மறுத்துச் சிறைக்குப் போனார்கள். நியூகாசிலுக்குப் போன நம் பெண்களும் அவர்களும் ஒரே நாட்டில், ஒரே வருடத்தில், ஏறக்குறைய ஒரே காரணத்துக்காகச் சிறையில் இருந்தார்கள். இரண்டு போராட்டங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளவில்லை. இந்தியர்களைக் கறுப்பினத்தவரோடு சேர்த்து வைப்பதையே அந்த நாளில் காந்தி அவமானமாக எழுதியிருக்கிறார். இந்தப் போராட்டத்தை மதிக்கிறவர்கள்தான் இதை முதலில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

வள்ளியம்மைக்கு வருகிறேன். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள், முனுசாமி முதலியாரின் மகள். குடும்பத்தின் வேர் தரங்கம்பாடிக்குப் பக்கத்துத் தில்லையாடியில். 1913 டிசம்பரில் சிறைக்குப் போனபோது வயது 15. சிறைக் காய்ச்சலோடு ஜனவரியில் வெளியே வந்தாள், எலும்பும் தோலுமாக. காந்தி பார்க்கப் போய், சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று கேட்டார். இப்போது கைது செய்தாலும் போகத் தயார் என்றாள். பிப்ரவரி 22 அன்று, தன் பிறந்தநாளில், இறந்தாள். 1915இல் காந்தி தில்லையாடிக்கே வந்து போனார்.

அவள் பெயர் நமக்குத் தெரியும், ஏனென்றால் அவள் மணமாகாத பெண்ணாக இறந்தாள், சொந்தப் பெயரிலேயே பதிவானாள். நியூகாசிலுக்குப் போன அந்தப் பதினொரு பேரின் பெயர்கள் காந்தி எழுதிவைத்த பட்டியலில் இப்படித்தான் இருக்கின்றன: திருமதி தம்பி நாயுடு, திருமதி என். பிள்ளை, திருமதி கே. முருகேச பிள்ளை, திருமதி ஏ. பெருமாள் நாயுடு, திருமதி பி.கே. நாயுடு, திருமதி கே. சின்னசாமி பிள்ளை, திருமதி என்.எஸ். பிள்ளை, திருமதி ஆர்.ஏ. முதலிங்கம், திருமதி பவானி தயாள், செல்வி மீனாட்சி பிள்ளை, செல்வி பைக்கம் முருகேச பிள்ளை. இவர்களில் முதலாமவரின் பெயர் வீரம்மாள். பவானி தயாளின் மனைவி ஜக்ராணி, பதினொரு பேரில் தமிழரல்லாதவர் அவர் ஒருவர்தான்.